சிக்னல் போடப் போனேன், வைப்பர் ஓடியது

நாற்பது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொண்டவள் நான். குரோம்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூல், இருபது நாள், காலை ஆறு மணி பேட்ச். கிளட்ச், கியர், பிரேக் மூன்றையும் மாஸ்டர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இருபது நாளில் நான் வைப்பரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை, ஏனென்றால் அது மே மாதம். விடிந்த பிறகுதான் வகுப்பு என்பதால் ஹெட்லைட்டும் போட்டதில்லை. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று மாஸ்டர் தொடவே விடமாட்டார். இண்டிகேட்டர்? இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவரே ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டிவிடுவார், வலது பக்கம் என்றால் என்னை நீட்டச் சொல்வார். ஆர்டிஓ டெஸ்ட் அன்றைக்குத்தான் அந்தக் குச்சியை ஒழுங்காகத் தொட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கி, ஒன்றரை வருடம் மார்க்கெட், ஸ்கூல், கோயில் என்று ஓட்டி, கார் ஓட்டத் தெரியும் என்ற எண்ணத்தில்தான் இருந்தேன். அந்த நவம்பர் வரைக்கும்.

திண்டிவனத்தில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன். சாயங்காலம் ஆறரை மணி. என் வண்டி ஒர்க்‌ஷாப்பில். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். கீழே பார்க்கிங்கில் தம்பியின் கார் நிற்கிறது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், "வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வை அக்கா, இல்லன்னா பேட்டரி இறங்கிடும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நானும் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி, பார்க்கிங்குக்குள்ளேயே நாலு அடி முன்னால் நாலு அடி பின்னால் எடுத்து வைப்பேன். அதையே ஓட்டிப் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயது மகளை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுக் கிளம்பியாயிற்று.

கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். வறண்ட கண்ணாடியில் வைப்பர் 'கர்ர்ர்' என்று ஒரு சுற்று வந்தது. மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் எதிர் டிராக்கிலிருந்து குறுக்கே திரும்ப நின்ற ஒரு ஆட்டோவுக்கு, நான் வருகிறேன் என்று காட்ட லைட் அடிக்கலாம் என்று குச்சியை என் பக்கம் இழுத்தேன். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இதற்கும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அங்கேயே ஓரம் கட்டி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து எந்தக் குச்சி எதற்கு என்று பார்த்திருக்க வேண்டும். அம்மாவை நினைத்துக்கொண்டிருந்ததில் அது தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மாருதி, ஹூண்டாய் மாதிரி ஜப்பான், கொரியா வழி வந்த வண்டிகளில் நம் ஊரில் இண்டிகேட்டர், லைட் குச்சி ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், வைப்பர் இடது பக்கம். வோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி ஐரோப்பிய வண்டிகளில் அப்படியே தலைகீழ். ஐரோப்பாவில் இண்டிகேட்டர் இடது பக்கம்தான், நமக்காக ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றினாலும் குச்சிகளை இடம் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். தம்பியின் வண்டி இந்த இரண்டாவது ரகம். இதில் யாரும் தப்பு செய்யவில்லை, இரண்டும் இரண்டு வழக்கம், அவ்வளவுதான். ஆனால் கைக்கு இது தெரியாதே.

செங்கல்பட்டுக்கு முன்பே தூறல் ஆரம்பித்துவிட்டது. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகவில்லை, கையில் வைத்திருக்கும் மெஷினோடு ஊழியர் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியை இறக்க வேண்டும். கதவில் நாலு பட்டன். ஒன்றை அழுத்தினேன், இடது பின் பக்கக் கண்ணாடி இறங்கி, சீட்டில் வைத்திருந்த அம்மாவின் ரிப்போர்ட் பையில் மழை விழுந்தது. இன்னொன்றை அழுத்தினேன், மகள் பக்கம் இறங்கியது. பின்னால் ஹாரன். கடைசியில் கதவைத் திறந்து பேசினேன், வெட்கமாகத்தான் இருந்தது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி முடிப்பதற்குள் மகளின் துப்பட்டா, சீட், என் தோள் எல்லாம் ஈரம். இந்த ஈரம்தான் அடுத்த அரை மணி நேரத்தில் என்னைப் பழிவாங்கியது.

பாலாற்றுப் பாலம் தாண்டும்போது மழை கொட்டியது. வைப்பரை ஒருவழியாகக் கண்டுபிடித்து ஓட விட்டிருந்தேன். மகளுக்குக் குளிர்கிறது என்று ஏசியை அணைத்தேன். இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி ஓரங்களிலிருந்து வெள்ளையாக மூட ஆரம்பித்தது. வைப்பர் வேகம் போதவில்லை போல என்று நினைத்தேன். மகள் துப்பட்டாவால் துடைத்தாள், துடைத்த இடம் பத்து விநாடியில் திரும்ப மூடியது, அதோடு துணி இழுத்த கோடுகள் வேறு. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு கண்ணாடி முழுக்கக் குங்குமம் கரைத்த மாதிரி பரவிக் கிடந்தது.

சரி, ஓரம் கட்டிவிடலாம் என்று இடது இண்டிகேட்டர் போடக் கை போனது. ஆல்ட்டோ பழக்கத்தில் வலது குச்சியை மேலே தள்ளினேன். இந்த வண்டியில் அது வைப்பர், வைப்பர் பேய் பிடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தது, இண்டிகேட்டர் விழவில்லை. நான் சொல்லாமல் இடது பக்கம் நகர, பின்னால் வந்த பஸ் நீளமாக ஹாரன் அடிக்க, பதறிப் போய் அதே குச்சியைக் கீழே இழுத்தேன், கடைசி வரைக்கும். வைப்பர் நின்றேவிட்டது.

இரண்டு, மூன்று விநாடி இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். அப்படியானால் ஏறக்குறைய 50 மீட்டர், ஒன்றுமே தெரியாமல், பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

எப்படியோ ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சம் தெரிந்து உள்ளே விட்டேன். அங்கே காற்று பிடிக்க நின்ற ஒரு லாரி டிரைவர், அறுபது வயது இருக்கும், தலையில் துண்டு போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏம்மா, இது உங்க வண்டி இல்லையா?"

"இல்லண்ணே, தம்பியோடது. கண்ணாடி ஒண்ணுமே தெரியல, வைப்பர் சரியில்லை போல."

"வைப்பர் நல்லாத்தான் ஓடுது. உள்ளாற விரல் வெச்சுப் பாருங்க."

கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டேன். கோடு பளிச்சென்று தெரிந்தது, விரல் நுனி ஈரம்.

"வெளிய மழை. உள்ள நீங்க விடுற மூச்சு. ஏசியை ஏன் அணைச்சீங்க? போடுங்க. காத்த கண்ணாடிக்குத் திருப்புங்க. உள்ளயே சுத்துற காத்த நிறுத்திட்டு வெளிக் காத்த உள்ள விடுங்க."

மூன்றையும் செய்தேன். டேஷ்போர்டு விளிம்பிலிருந்து ஒரு அரைவட்டமாகக் கண்ணாடி தெளிய ஆரம்பித்தது, அது மேலே ஏறி ஏறிப் போய் ஒரு நிமிடத்துக்குள் மொத்தமும் சுத்தம். நான் அவ்வளவு நேரம் மழையோடு போராடிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன், போராடியதெல்லாம் எங்கள் இரண்டு பேர் மூச்சோடும் ஒரு ஈரத் துப்பட்டாவோடும்.

அம்மாவுக்குக் கால் பிசகல்தான், பெரிதாக ஒன்றுமில்லை. அதைப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் பகலில்தான் திரும்பினேன். திரும்பி வந்ததும் தம்பியின் வண்டி, என் வண்டி இரண்டின் மேனுவலையும் எடுத்து முழுசாகப் படித்தேன். அதற்கப்புறம் தெரிந்துகொண்டதும், பட்டுத் தெரிந்ததும்தான் கீழே இருப்பது. ரொம்ப வருடமாக ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், புதிதாக ஓட்டுபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி விவகாரம், ஏனென்றால் இதில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். உள்பக்கம் மூடினால் வண்டிக்குள் ஈரக்காற்று அதிகம் என்று அர்த்தம். ஏசி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும் (ஏசி ஓடும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே, காற்றிலிருந்து எடுத்த ஈரம்தான் அது). குளிர்கிறது என்றால் ஏசியை அணைக்காமல் வெப்பநிலை திருகியைச் சூட்டுப் பக்கம் வைத்தால் போதும், காற்று காய்ந்ததாகவும் வரும், குளிராமலும் இருக்கும். இது எனக்குப் பெரிய செய்தி. ஏசி என்றால் குளிர், சூடு என்றால் ஏசி இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெளிப்பக்கம் மூடுவது வேறு கதை. அடுத்த மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போனபோது கண்ணாடி மூடியது. நான்தான் இப்போது விவரமானவளாயிற்றே, உடனே ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பி முழு வேகத்தில் வைத்தேன். இன்னும் மோசமாக மூடியது. உள்ளே விரல் வைத்துப் பார்த்தால் கோடு விழவில்லை. கடற்கரை ஓரத்து ஈரக்காற்று, ஏசியால் ஜில்லென்று ஆகிவிட்ட கண்ணாடியின் வெளிப்பக்கம் படிகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வேர்க்குமே அந்த மாதிரி. இதற்கு வைப்பரை ஒரு தட்டு தட்டினால் போய்விடும், அப்புறம் ஏசிக் காற்றைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் முகத்துப் பக்கம் திருப்பி, குளிரையும் குறைக்க வேண்டும். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் உள்ளே விரலால் ஒரு கோடு. லாரி அண்ணன் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சோதனை இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை.

குச்சிகளுக்கு வருவோம். எந்தப் பக்கம் இருந்தாலும் இண்டிகேட்டர் குச்சிக்கு ஒரே விதிதான்: ஸ்டியரிங் எந்தப் பக்கம் சுற்றப் போகிறதோ குச்சியும் அந்தச் சுற்றிலேயே போகும். வலது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கைக் கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்புவோம், அப்போது ஸ்டியரிங்கின் வலது ஓரம் கீழே இறங்கும், இடது ஓரம் மேலே ஏறும். எனவே வலது பக்கக் குச்சி என்றால் கீழே, இடது பக்கக் குச்சி என்றால் மேலே. மேலா கீழா என்று மனப்பாடம் செய்யாமல் இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வண்டியிலும் கை தடுமாறாது. வைப்பர் குச்சிக்கு இப்படி ஒரு பொது விதி கிடையாது. சில வண்டியில் கீழே இறக்க இறக்க வேகம் கூடும், சிலதில் மேலே ஏற்ற ஏற்ற. புது வண்டியில் உட்கார்ந்தால் இதை மட்டும் போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணாடியை முதலில் நனைத்துவிட்டு.

அந்த நனைத்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். தூசி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி, பகலில் தெரியாத கீறல்கள் எல்லாம் ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் வில் வில்லாகத் தெரியும். முதல் மழையில் இன்னொரு தொல்லை, கண்ணாடியில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் தண்ணீரோடு சேர்ந்து தேய்ந்து ஒரே மங்கலாகிவிடும். தூறல் விழ ஆரம்பித்ததும் வாஷரை இரண்டு மூன்று தடவை இழுத்துத் தண்ணீர் அடித்துவிட்டால் பாதி போய்விடும். வாஷர் தொட்டியில் சோப்புப் பொடியோ ஷாம்பூவோ தாராளமாக ஊற்றாதீர்கள், நான் ஊற்றினேன், ஹைவேயில் கண்ணாடி முழுக்க நுரை.

பிளேடு ரப்பர் நம்ம ஊர் வெயிலில் காய்ந்து இறுகிவிடுகிறது. கோடை முழுக்கச் சும்மா கிடந்து, ஐப்பசி மழையில் முதல் தடவை போடும்போதுதான் கோடு கோடாக விட்டுத் துடைக்கிறது என்று தெரியும், அன்றைக்குக் கடைக்கு ஓட முடியாது. நான் இப்போது ஆயுதபூஜைக்கு வண்டி கழுவும்போதே பிளேடை மாற்றிவிடுகிறேன், அதை வைத்தால் தேதி மறக்காது. டிரைவர் பக்கப் பிளேடும் மற்றதும் பல வண்டிகளில் ஒரே நீளம் இல்லை, அளந்துகொண்டு போங்கள். மாற்றும்போது பழைய பிளேடைக் கழற்றியதும் வைப்பர் கையை அப்படியே தூக்கி நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அதில் ஸ்பிரிங் இருக்கிறது, தெரியாமல் நம் கை பட்டால் வெறும் இரும்பு 'டப்' என்று கண்ணாடியில் அறையும், விரிசல் விட்டால் பிளேடு விலையோடு முடியாது. ஒரு பழைய டவலை மடித்துக் கண்ணாடி மேல் போட்டுவிட்டு வேலை செய்தால் கவலையில்லை.

விட்டு விட்டு ஓடுகிற வைப்பர் இருக்கிறதே, தூறலுக்கு அதுதான் சரி, எல்லா நேரமும் வேகமாக ஓட விட்டால் கண் அதைத்தான் பார்க்கும், ரோட்டைப் பார்க்காது. இதை 1960-களில் உருவாக்கிய ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், கண் ஏன் ஓயாமல் துடைத்துக்கொண்டே இல்லாமல் விட்டு விட்டு இமைக்கிறது என்று யோசித்ததில்தான் இது வந்ததாம். கல்யாண ராத்திரியில் ஷாம்பெயின் பாட்டில் மூடி தெறித்து இடது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டவர் அவர். பிறகு தன் யோசனையை எடுத்துக்கொண்டதாக பெரிய கார் கம்பெனிகள் மேல் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி இழப்பீடு வாங்கினார். இதைப் படித்த பிறகு தூறலில் அந்தக் குச்சியைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான்.

டபுள் இண்டிகேட்டர். மழை வந்தால் நம்ம ரோட்டில் பாதி வண்டி இதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது, அன்றைக்கு நானும் கடைசி ஒரு கிலோமீட்டர் அப்படித்தான் ஓட்டினேன், பாதுகாப்பு என்று நினைத்து. நாலு விளக்கும் ஒன்றாக மின்னும்போது நீங்கள் இடது பக்கம் ஒதுங்குகிறீர்களா, வலது பக்கம் வருகிறீர்களா என்று யாருக்கும் சொல்ல வழியே இல்லை, குச்சியைத் தள்ளினாலும் பல வண்டிகளில் மின்னுவது மாறாது. பின்னால் வருபவர் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றும் குழம்புவார். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு அதைப் போடுகிற வழக்கம் அதைவிட மோசம், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், வண்டி திரும்பப் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். நின்றுபோன வண்டிக்கு அது. ஓடுகிற வண்டிக்கு மழையில் லோ பீம் ஹெட்லைட் (டிம் லைட்) போதும், அதைப் போட்டாலே பின்னால் சிவப்பு விளக்கும் எரியும்.

இந்தப் பின் விளக்கு விஷயத்தில் தம்பி வண்டி எனக்கு இன்னொரு பாடம் வைத்திருந்தது. முன்னால் டிஆர்எல் என்ற வெள்ளை விளக்கு தானாக எரியும், உள்ளே மீட்டரும் எப்போதும் வெளிச்சமாக இருக்கும். லைட் போட்டுவிட்டோம் என்றே தோன்றும். பின்னால் ஒன்றுமே எரியாது. பல வண்டிகளில் இப்படித்தான். அந்தி நேரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஒரு நாள் பைக்காரர் ஒருவர் சிக்னலில் கண்ணாடியைத் தட்டி, "பின்னாடி லைட்டே இல்லைங்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது ஆறு மணி ஆனால் யோசிக்காமல் திருகிவிடுகிறேன்.

இண்டிகேட்டர் போட்டதும் 'டிக் டிக்' சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 60-இலிருந்து 120 தடவைக்குள் மின்னும். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பரபரவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். இன்னொன்று, முழுசாகத் திரும்பினால்தான் குச்சி தானாகத் திரும்பி வரும், லேன் மாறும்போது ஸ்டியரிங் அவ்வளவு சுற்றாது, அதனால் அது மின்னிக்கொண்டே கிடக்கும். நான் வண்டலூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் வலது இண்டிகேட்டரோடு போயிருக்கிறேன். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தேன், டிக் டிக் கேட்கவில்லை.

லைட் அடிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த தோழி ஒருத்தி, எதிர் வண்டி லைட் அடித்தால் "நீ போ" என்று வழி விடுவதாக நினைத்துத் திரும்பப் போய், மயிரிழையில் தப்பினாள். நம்ம ஊரில் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்றுதான் பொருள். அதேபோல லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டால் முந்திக்கொள்ளச் சொல்கிறாரா, திரும்பப் போகிறாரா, எதிரே வண்டி வருகிறது என்கிறாரா என்பதை நான் இன்றுவரை நம்பி முடிவெடுப்பதில்லை, ரோடு என் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே முந்துவேன். பிரைட் போட்டிருந்தால் மீட்டரில் ஒரு நீல விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்க, எதிரில் வருபவர் ஏன் நம்மைத் திட்டுகிறார் என்று யோசிக்கக்கூடாது.

கண்ணாடி பட்டன்கள். டிரைவர் கதவில் நாலு பட்டனோடு ஐந்தாவதாக ஒன்று இருக்கும், பூட்டுப் படமோ குறுக்குக் கோடு போட்ட கண்ணாடிப் படமோ போட்டிருக்கும். அதை அழுத்தினால் மற்றவர்கள் பக்கக் கண்ணாடியை அவர்களால் இறக்க முடியாது. சின்னக் குழந்தை பின்னால் இருந்தால் கட்டாயம் அழுத்த வேண்டும், ஏனென்றால் கரண்டில் ஏறுகிற கண்ணாடி சில வண்டியில் கை மாட்டினால் நின்று இறங்கும், பல வண்டியில் அந்த வசதியே கிடையாது, இருக்கிற வண்டியிலும் பெரும்பாலும் டிரைவர் பக்கம் மட்டும்தான் இருக்கும். நான் அழுத்தியதை மறந்துவிட்டேன். அம்மாவைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்துக் கூட்டி வந்தபோது மேல்மருவத்தூர் தாண்டி, "ஏன்டி, நானும் எவ்வளவு நேரமா அமுக்குறேன், இறங்கவே மாட்டேங்குது, மூச்சு முட்டுது" என்று ஒரே புலம்பல். தம்பி வண்டியின் கண்ணாடி ரிப்பேர் என்று அவனுக்கு வீடியோ கால் வேறு போட்டோம். அவன் அங்கேயிருந்து அந்த ஐந்தாவது பட்டனைக் காட்டிச் சிரித்தான்.

பெட்ரோல் பங்கில் மூடியைத் திறக்கப் போய் பானெட்டைத் திறந்ததும் உண்டு, இரண்டு முறை. அதை விரிக்க வேண்டாம். டேங்க் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பெட்ரோல் முள் பக்கத்தில் பம்ப் படத்தோடு ஒரு சின்ன அம்புக்குறி பெரும்பாலான வண்டிகளில் இருக்கும், அது காட்டும் பக்கம்தான்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் கைக்கு வராது என்பதால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். வண்டி ஆஃபில், சாவி மட்டும் ஆன். நான் கண்ணை மூடிக்கொள்வேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டளை போடுவாள். "இடது இண்டிகேட்டர்!" "வைப்பர், மெதுவா!" "உன் கண்ணாடி, பாதி!" "காத்து, கண்ணாடிக்கு!" "டபுள்!" தப்பாகத் தொட்டால் ஒரு ரூபாய். முதல் வாரம் பதினேழு ரூபாய் கொடுத்தேன், பாதி பின் வைப்பரிலேயே போனது, அந்தக் குச்சியை முன்னால் தள்ள வேண்டும் என்று கை ஒத்துக்கொள்ளவே இல்லை. வாட்ச்மேன் அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏதோ கோளாறு என்று கிட்டே வந்து கேட்டார். நாலாவது வாரம் ஒரு ரூபாய்தான். இன்றைக்கும் தம்பி வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இதைச் செய்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன், ஆல்ட்டோவுக்குத் திரும்பும்போதும் அப்படியே, ஏனென்றால் கை இப்போது அந்த வண்டிக்குப் பழகி இந்த வண்டியில் தப்புச் செய்கிறது.

கடைசியாக, தண்ணீர். சென்னை மழையில் சுரங்கப்பாதையில் வண்டி மாட்டிக்கொள்ளும் படங்களை வருடா வருடம் பார்க்கிறோம். கண்ணாடி இறங்குவதும் கரண்டில்தான். வண்டி மாட்டியது தெரிந்ததும் மின்சாரம் போவதற்கு முன்பே முதல் வேலை கண்ணாடியை இறக்குவது, போன் எடுப்பது அப்புறம். மின்சாரம் போனால் சென்ட்ரல் லாக்கை உள்ளிருந்து கையால் எடுக்கும் வழி இருக்க வேண்டும் என்று 2019 ஜூலையிலிருந்து தயாராகும் கார்களுக்கு விதியே இருக்கிறது, அது உங்கள் வண்டியில் எங்கே என்று ஒருதடவை தொட்டுப் பாருங்கள். சீட்டின் தலையணையைப் பிடுங்கி அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பி நானும் இழுத்துப் பார்த்தேன். என் ஆல்ட்டோவில் முன் சீட்டுத் தலையணை சீட்டோடு ஒன்றாகத் தைத்தது, வரவே வராது. ஆகவே கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் ஒன்று வாங்கினேன், ஒரு பக்கம் கூர்முனை, இன்னொரு பக்கம் பெல்ட் அறுக்கிற பிளேடு. முன் கண்ணாடியில் அடித்துப் பயனில்லை, அது இரண்டு அடுக்கு ஒட்டியது, விரிசல் விடுமே தவிர உடைந்து விழாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் அந்த நேரத்தில் கை எட்டாது, வெளியே சும்மா வைத்தால் பிரேக் அடிக்கும்போது பறக்கும். ஹேண்ட்பிரேக் பக்கத்தில் வெல்க்ரோ ஒட்டி அதில் மாட்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற விளையாட்டில் அதையும் மகள் சேர்த்துவிட்டாள்.